எடை போட்ட பிறகு பேசுங்கள்: வளாகக் குப்பை குறித்து இரு நாட்டு மாணவர்கள் இணையவழியில் சேர்ந்து படிக்க ஒரு வழிகாட்டி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு இணையவழி மாணவர் பரிமாற்றம் நடத்த முன்வரும் கல்லூரிகள் எடுத்த எடுப்பில் நினைக்கும் தலைப்புகளில் குப்பையும் ஒன்று. எல்லா வளாகத்திலும் குப்பை உண்டு, எல்லாத் துறை மாணவர்களும் அதைப் பற்றிப் பேச முடியும், தனியாக ஆய்வகம் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் இத்தகைய பரிமாற்றங்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடி முடிகின்றன. முதல் கூட்டத்தில் நம் மாணவர்கள் குப்பைக் கிடங்கின் படத்தைக் காட்டி நாணுவார்கள். அந்தப் பக்கத்து மாணவர்கள் நான்கு வண்ணத் தொட்டிகளைக் காட்டிவிட்டு, மரியாதை கருதித் தங்கள் நாட்டிலும் குறைகள் உண்டு என்பார்கள். கடைசிக் கூட்டத்தில் எல்லோரும் உறுதிமொழி எடுத்து, திரையைப் படம்பிடித்துக்கொண்டு கலைவார்கள். இரு வளாகங்களிலும் ஒரு கிலோ குப்பைகூடக் குறைந்திருக்காது.

இதைத் தவிர்க்க வேண்டுமானால் பேச்சுக்கு முன்னால் தராசை வைக்க வேண்டும். ஒருவர் குப்பையை எங்கே போடுகிறார் என்பது அவர் எந்த நாட்டில் பிறந்தார் என்பதைவிட, தொட்டி எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது, அதை யார் அள்ளுகிறார், போடுகிறவருக்கு அதனால் காசு போகிறதா வருகிறதா என்பவற்றைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே மாணவர்கள் ஒப்பிட வேண்டியது இரு ஏற்பாடுகளை. இரு மக்களை அல்ல. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த எண்ணத்தின் மேல் எழுதப்பட்டது.

நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006-இல் தனி மையம் அமைத்து வளர்த்த முறை இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. இரு நாட்டு ஆசிரியர்கள் இருவர், தாங்கள் ஏற்கெனவே நடத்தும் பாடங்களுக்குள்ளேயே சில வாரங்களுக்கான கூட்டுப் பணி ஒன்றை அமைப்பதுதான் அதன் சாரம். புதிய பாடத்திட்டமோ பயணச் செலவோ தேவையில்லை. இங்கே விளக்கத்துக்காக, கோயம்புத்தூரில் உள்ள கலை அறிவியல் கல்லூரி ஒன்றும், ஜெர்மனியின் ட்யூபிங்கன் போன்ற பல்கலைக்கழக நகரத்து வகுப்பு ஒன்றும் இணைவதாக வைத்துக்கொள்வோம். ட்யூபிங்கனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நகராட்சி 2022 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் கோப்பைக்கும் உணவுப் பொட்டலத்துக்கும் தலா 50 சென்ட் வரி விதிக்கிறது. அந்த வரி செல்லும் என்று ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 ஜனவரியில் அறிவித்தது. மாணவர்கள் பேசுவதற்கு இதைவிட உயிருள்ள பாடம் கிடைப்பது அரிது.

நாள்காட்டியை முதலில் விரியுங்கள்

நல்ல திட்டங்கள் பல கவிழும் இடம் இதுதான். ஜெர்மனியில் குளிர்காலப் பருவத்தின் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரித் தொடக்கத்தில் முடியும். கோடைப் பருவம் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை வரை. நமக்கோ அக்டோபர் பின்பாதியிலோ நவம்பரிலோ தீபாவளி விடுமுறையும் பருவத் தேர்வும் வந்துவிடும். டிசம்பர் கடைசியில் அவர்களுக்கு இரண்டு வாரம் விடுமுறை, ஜனவரி நடுவில் நமக்குப் பொங்கல், ஏப்ரலில் மீண்டும் நம் தேர்வு. இரண்டு நாள்காட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தடையில்லாமல் கிடைக்கும் காலம், நம் கல்லூரிகள் திறக்கும் ஜூன் மூன்றாம் வாரத்திலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரையிலான ஐந்து வாரங்களே. முதலாண்டு மாணவர்கள் அப்போது சேர்ந்திருக்க மாட்டார்கள் என்பதால் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் இழப்பு ஒன்றும் இல்லை, விடுதியின் நடைமுறை அவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த மாதங்களில் நேர வேறுபாடு மூன்றரை மணி. நமக்குப் பிற்பகல் 2.30 என்றால் அவர்களுக்குக் காலை 11 மணி. இலையுதிர் காலத்தில் நடத்துபவர்கள், அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள் என்பதையும், அன்று முதல் வேறுபாடு நான்கரை மணி ஆகிவிடும் என்பதையும் அழைப்பிதழிலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தரப்பு வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது உழைப்பின் கணக்கு. ஐரோப்பியப் பாட அலகு (கிரெடிட்) முறையில் ஓர் அலகு என்பது மாணவரின் 25 முதல் 30 மணி நேர மொத்த உழைப்பைக் குறிக்கும். வீட்டில் படிப்பதும் அதில் அடக்கம். நம் முறையில் ஓர் அலகு என்பது பெரும்பாலும் வாரம் ஒரு வகுப்பு என்ற கணக்கிலேயே பார்க்கப்படுகிறது. இதைப் பேசாமல் தொடங்கினால், அவர்கள் வாரம் எட்டு மணி நேரம் உழைப்பதாகவும் நம்மவர்கள் கூட்டத்துக்கு வந்து போவதாகவும் ஆகிவிடும், பிறகு மனக்கசப்பு வரும். நம் பக்கத்தில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ் இரண்டு ஆண்டுகளில் முடிக்க வேண்டிய 240 மணி நேரத்தில் இந்தப் பணியைச் சேர்க்க முடியுமா என்று திட்ட அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். குப்பையைக் கையால் பிரிக்கும் நேரம் அதற்கு எல்லா வகையிலும் தகுதியானது. பணம் தேவைப்பட்டால், ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் 2020-இல் இணையவழிக் கூட்டுக் கல்விக்கென நிதித்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. விண்ணப்பிக்க வேண்டியது ஜெர்மன் பல்கலைக்கழகம்தான் என்பதால் இந்தப் பேச்சை ஓராண்டுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

தொடர்பு வழியையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நம் மாணவர்கள் வாட்ஸ்அப்பில் குழு தொடங்குவதையே இயல்பாக நினைப்பார்கள். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காரணமாக ஜெர்மன் ஆசிரியர்கள் பலர் மாணவர்களின் கைப்பேசி எண்களைக் கேட்டு வாங்கத் தயங்குவார்கள். அவர்களுடைய பல்கலைக்கழகச் சேவையகத்திலேயே ஓர் இடம் கேட்டு வாங்கிவிட்டால் பிரச்சினை தீரும். நம் மாணவர்களில் சிலர் கைப்பேசி வழியாக மட்டுமே இணைவார்கள் என்பதை நாமும் அவர்களிடம் சொல்ல வேண்டும். கணினியில் மட்டும் வேலை செய்யும் பெரிய வரைபலகைகளைத் தவிர்த்து, எளிய அட்டவணை ஒன்றையும் எழுத்து உரையாடலையும் வைத்துக்கொண்டால் போதும்.

ஓர் இடம், ஐந்து நாள், ஒரு தராசு

முதல் காணொளிக் கூட்டத்துக்கு முன்பே இரு பக்கமும் எடை போட்டு முடித்திருக்க வேண்டும். முழு வளாகத்தையும் அளக்க ஆசைப்படாதீர்கள். நம் பக்கத்தில் விடுதி உணவுக்கூடம், அவர்கள் பக்கத்தில் மென்சா எனப்படும் மாணவர் உணவகம் என ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள்கள் அளந்தால் போதும். விடுதியில் ஆடி வெள்ளிக்குப் பாயசம் போட்ட நாள், தேர்வு நாள், ஊருக்குப் போகும் வார இறுதி ஆகியவை கணக்கைக் குலைக்கும் என்பதால், அப்படி ஏதேனும் குறுக்கிட்டால் அட்டவணையில் குறித்து வையுங்கள்.

தேவையான பொருள்கள் அதிகம் இல்லை. 50 கிலோ வரை காட்டும் மின்னணுத் தொங்கு தராசு ஒன்று, கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று, பெரிய தார்ப்பாய், நீண்ட இடுக்கிகள், தடித்த ரப்பர்க் கையுறை, முகக்கவசம், மேலங்கி, எட்டு வாளிகள். ஒவ்வொரு வாளியின் வெறும் எடையையும் அழியாத மையால் அதன் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஐந்தாம் நாள் யாருக்கும் அது நினைவில் இருக்காது. பிரிக்கும் மாணவர்கள் ரணஜன்னித் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று கேட்பது ஆசிரியரின் பொறுப்பு. மருத்துவக் கழிவு, ஊசி, பயன்படுத்திய அணையாடை இருக்கும் பைகளைத் திறக்கக் கூடாது. கட்டியபடியே எடை போட்டுத் தனியே வைக்க வேண்டும்.

ஒரு நாள் குப்பை மலைபோல் சேர்ந்தால் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. தார்ப்பாயில் கொட்டி நன்றாகக் கலந்து, குவியலாக்கி, நான்கு சம பங்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்குகளை ஒதுக்கிவிட்டு மீதியை மீண்டும் கலக்க வேண்டும். சுமார் நூறு கிலோ மீதமாகும்வரை இதைச் செய்தபின் பிரித்தால் போதும். நகரக் குப்பையை ஆராயும் பொறியாளர்கள் மாதிரி எடுக்கும் வழி இதுவே.

உணவுக்கழிவை அளப்பதில்தான் இரு பக்கத்துக்கும் முதல் தகராறு வரும். வரட்டும், பரிமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. நம் தட்டில் மீந்தது என்றால் அதில் சாம்பாரும் ரசமும் மோரும் சேர்ந்திருக்கும். அப்படியே எடை போட்டால் பாதி தண்ணீரைத்தான் எடை போடுகிறோம். அவர்கள் தட்டில் மீந்தது உருளைக்கிழங்கும் ரொட்டியும். எனவே பெரிய அரிதட்டு ஒன்றை வாளியின் மேல் வைத்து, ஐந்து நிமிடம் வடியவிட்டு, வடிந்ததையும் தங்கியதையும் தனித்தனியாக எடை போடுவது என்று இரு பக்கமும் உடன்பட வேண்டும். அடுத்து, தின்னக்கூடியது எது, தின்ன முடியாதது எது என்ற கேள்வி. முருங்கைக்காய்ச் சக்கையும் கறிவேப்பிலையும் காய்ந்த மிளகாயும் எலும்பும் வாழைப்பழத் தோலும் வீணடிக்கப்பட்ட உணவல்ல. ஆனால் தொட்டியில் அவையும் கிடக்கும். சாம்பார் வைத்த நாளில் விடுதியின் கழிவு எடை கூடிவிட்டது என்று பதறுவதற்கு முன், அதில் முருங்கைச் சக்கை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதேபோல் தட்டிலிருந்து வந்ததையும் அண்டாவில் மீந்ததையும் கலக்கக் கூடாது. முன்னது மாணவரின் பழக்கம், பின்னது சமையல்காரரின் கணிப்பு; இரண்டுக்கும் மருந்து வேறு.

எடையை எப்போதும் தலைக்கணக்காக மாற்றுங்கள். 1,200 பேர் சாப்பிட்ட நாளில் தட்டுகளிலிருந்து 96 கிலோ வந்ததாக வைத்துக்கொண்டால், தலைக்கு 80 கிராம். அவர்கள் மென்சாவில் 400 பேர் சாப்பிட்டு 40 கிலோ வந்தால் தலைக்கு 100 கிராம். மொத்த எடையைப் பார்த்தால் நாம் குற்றவாளி, தலைக்கணக்கில் பார்த்தால் அவர்கள். எண்களை இப்படித் திருப்பிப் பார்க்கும் பயிற்சியே மாணவர்களின் பாதிக் கூச்சத்தைப் போக்கிவிடும்.

இன்னும் ஓர் அளவு வேண்டும்: எந்தத் தொட்டியில் எது தவறி விழுந்திருக்கிறது என்பது. உலர்குப்பைத் தொட்டியில் 10 கிலோ இருந்து அதில் 3 கிலோ உணவாக இருந்தால், தவறு 30 விழுக்காடு. இதை அளக்காமல் கேள்வித்தாள் கொடுத்து, குப்பையைப் பிரித்துப் போடுகிறீர்களா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றே எழுதுவார்கள், எந்த நாட்டிலும் அப்படித்தான். கேள்வித்தாளுக்குப் பதிலாக, நண்பகலில் அரை மணி நேரம் ஒரு தொட்டிக்கு அருகில் உட்கார்ந்து, எத்தனை பேர் சரியான தொட்டியில் போட்டார்கள், எத்தனை பேர் தயங்கி நின்றார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். பெயரைக் குறிக்க வேண்டாம். தயங்கி நிற்பவர்களின் எண்ணிக்கை மிகவும் பயனுள்ளது. அவர் பிரிக்க விரும்புகிறார், ஆனால் பலகையில் எழுதியிருப்பது அவருக்கு விளங்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

நிறத்தை நம்பாதீர்கள்

இரு அட்டவணைகளையும் ஒன்றாக்கும்போது நிறங்களால் குழப்பம் வரும். தமிழ்நாட்டு மாணவருக்குப் பச்சைத் தொட்டி என்றால் ஈரக்குப்பை, நீலம் என்றால் உலர்குப்பை. ஜெர்மனியில் பெரும்பாலான ஊர்களில் நீலம் காகிதத்துக்கு மட்டும். பொட்டலங்களும் தகரமும் மஞ்சளில் போகும், உணவுக்கழிவு பழுப்பில், மிஞ்சியவை கறுப்பில் அல்லது சாம்பல் நிறத் தொட்டியில். ஊருக்கு ஊர் அதுவும் மாறும். கண்ணாடிப் புட்டிகளை வெள்ளை, பழுப்பு, பச்சை என்று பிரித்துத் தெருமுனைக் கலங்களில் போடுவார்கள். ஆகவே பொது அட்டவணையில் நிறத்தை எழுதாமல் பொருளை எழுதுங்கள்: உணவு, காகிதமும் அட்டையும், பிளாஸ்டிக் பொட்டலம், கண்ணாடியும் உலோகமும், பூச்சுப் பூசிய கோப்பை, அணையாடை போன்ற சுகாதாரக் கழிவு, மற்றவை.

பூச்சுப் பூசிய கோப்பையைத் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம், நம் தேநீர்க் கடைகளின் காகிதக் கோப்பை. பெயர்தான் காகிதம், உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பழைய பேப்பர் கடைக்காரர் அதைத் தொடமாட்டார். அடியில் தங்கிய தேநீரோடு உலர்குப்பைத் தொட்டியில் விழுந்து, அதில் இருக்கும் நல்ல காகிதத்தையும் நனைத்துவிடும். கிராமில் அற்பமாகத் தெரியும் இந்தப் பொருளை எண்ணிக்கையிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை இரு பக்கமும் ஒரு பக்கத்துக்குள் எழுதிப் பகிர்ந்தால் போதும். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. அவற்றுக்கு மாற்றாக 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வரும்படி அறிவிக்கப்பட்ட விதிகள் ஈரம், உலர், சுகாதாரக் கழிவு, தனிக்கவனம் வேண்டிய கழிவு என்று நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. நாள் ஒன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களை, பெரிய விடுதியுள்ள கல்லூரிகள் உட்பட, பெருமளவில் கழிவு உண்டாக்குவோர் என்று தனியாகக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அளந்து முடித்த மாணவர்கள், தங்கள் கல்லூரி அந்தக் கணக்கில் வருகிறதா என்பதைத் தாங்களே சொல்லிவிட முடியும். நிர்வாகம் உங்களைக் கவனமாகக் கேட்கத் தொடங்குவது பெரும்பாலும் அந்த நிமிடத்திலிருந்துதான்.

வாளி எங்கே போய் முடிகிறது

முதல் காணொளிக் கூட்டத்தில் படவில்லைகள் வேண்டாம். அட்டவணை மட்டும் திரையில் இருக்கட்டும். பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் என்றால், இரண்டு இரண்டு பேராகச் சேர்த்து நால்வர் கொண்ட ஆறு அறைகளாகப் பிரித்துவிடுங்கள். ஆசிரியர்கள் அந்த அறைகளுக்குள் போகாமல் இருப்பது நல்லது. ஆசிரியர் இருக்கும் இடத்தில் நம் மாணவர்கள் அவர் கேட்டால் மட்டுமே வாய் திறப்பார்கள்; ஜெர்மன் மாணவர்களோ குறுக்கிட்டு மறுத்துப் பேசுவதைப் பாடத்தின் பகுதியாகவே நினைக்கிறவர்கள். இந்த வேறுபாட்டை முன்கூட்டியே இரு பக்கமும் சொல்லிவைக்க வேண்டும். நேரடியாக வரும் மறுப்பு அவமதிப்பல்ல என்று நம்மவர்களுக்கும், நம்மவர்கள் ‘பார்க்கலாம்’ என்று சொன்னால் அது பெரும்பாலும் இயலாது என்பதன் நயமான வடிவம் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தால் பல வாரங்கள் மிச்சமாகும். ஆங்கிலம் இரு தரப்புக்கும் கற்ற மொழி. எனவே ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் இரண்டு நிமிடம் எழுதச் சொல்லி, பிறகு பேசச் சொன்னால், சரளமாகப் பேசுகிறவர்களே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்வது நிற்கும்.

அந்த அறைகளில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த வாளியை யார், எத்தனை மணிக்கு, எங்கே கொண்டு போகிறார், அங்கிருந்து அது எங்கே போகிறது? கடைசிவரை பின்தொடருங்கள். நம் விடுதிகள் பலவற்றின் மீந்த சோற்றைப் பன்றி வளர்ப்பவர் ஒருவர் தினமும் வண்டியில் வந்து எடுத்துச் செல்வார்; அவருக்குப் பிளாஸ்டிக் கலக்காத சோறு வேண்டும் என்பதால், எந்தச் சட்டமும் சொல்லாமலே அந்த ஒரு வாளி சுத்தமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அட்டைப்பெட்டியும் செய்தித்தாளும் பழைய பேப்பர் கடைக்குப் போகும், விற்ற காசு பெரும்பாலும் தூய்மைப் பணியாளருக்கு. விலை போகாதவை மாநகராட்சி வண்டியில் ஏறும். கோவையில் அவற்றில் பெரும்பகுதி நெடுங்காலமாக வெள்ளலூர்க் கிடங்கில்தான் குவிந்தது. ஜெர்மன் மாணவர்களுக்கு இந்தப் பின்தொடர்தல் நம்மவர்களைவிடக் கடினம், ஏனென்றால் அவர்களுடைய தொட்டி மூடிய கதவுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. பதப்படுத்தாத வீட்டுக்குப்பையைக் கிடங்கில் புதைப்பது 2005 ஜூன் முதல் அங்கே அனுமதிக்கப்படுவதில்லை. எஞ்சிய குப்பை எரியுலைக்குப் போகிறது. மஞ்சள் தொட்டியில் கவனமாகக் கழுவிப் போட்ட பிளாஸ்டிக்கிலும் கணிசமான பகுதி எரிக்கப்படுகிறது என்று அறியும்போது அவர்கள் முகம் சற்று வாடும். அந்த நேரத்தில் நம் மாணவர்கள் மகிழ்ந்துவிடக் கூடாது என்று சொல்லிவைப்பது நன்று.

இரு பக்கமும் எதிர்பாராமல் சந்தித்துக்கொள்ளும் இடம் காலிப் புட்டி. ஜெர்மனியில் ஒருமுறைப் பயன்பாட்டுப் பானப் புட்டிகளுக்கும் தகரக் குவளைகளுக்கும் 2003 முதல் 25 சென்ட் வைப்புத்தொகை வாங்கப்படுகிறது. கடையிலுள்ள இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் காசு கிடைக்கும். அந்தக் காசுக்காகத் தொட்டிகளில் கைவிட்டுப் புட்டி பொறுக்கும் முதியவர்களும் ஏழைகளும் அங்கே இருக்கிறார்கள். அதனால் புட்டியைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்திவைக்கும் வழக்கமும் மாணவர்களிடையே உண்டு. நம் மாநிலத்திலும் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், டாஸ்மாக் கடைகளில் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு 2022-இல் நீலகிரியில் தொடங்கி, பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் சென்றது. வகுப்பறையில் டாஸ்மாக்கைப் பற்றிப் பேசுவதா என்று சில பேராசிரியர்கள் நெளிவார்கள். நெளிய வேண்டியதில்லை, கையிலிருக்கும் காலிப் பொருளுக்கு விலை வைத்தால் அது காட்டில் விழாது என்பதற்கு நம் மண்ணிலேயே இருக்கும் சான்று அது.

குப்பையை அள்ளுபவர்களைப் பற்றிய பேச்சைத் தவிர்க்கவும் கூடாது, அவர்களைக் காட்சிப்பொருள் ஆக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் இந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதி மக்கள். குப்பையைப் பிரிப்பது தன் வேலையல்ல என்று ஒரு மாணவர் நினைப்பதற்கும், பிறர் எச்சில் பட்ட தட்டைத் தொடுவதற்கு வீட்டில் எதிர்ப்பு வருவதற்கும் பின்னால் இது இருக்கிறது. இதை மறைத்துவிட்டுப் பழக்கவழக்கம் என்று பொதுவாகப் பேசினால் அந்தப் பக்கத்து மாணவர்களுக்கு நம் நிலைமை ஒருபோதும் புரியாது. அதே நேரத்தில், பிரித்தெடுக்கும் முதல் நாளில் ஆசிரியரே முதலில் கையுறை போட்டுக்கொண்டு தார்ப்பாயின் அருகில் உட்கார வேண்டும்; அப்படிச் செய்யாத ஆசிரியர் இந்தத் திட்டத்தை எடுக்காமல் இருப்பதே மேல். தூய்மைப் பணியாளர்களைப் படமெடுப்பதானால் அவர்களுடைய சம்மதத்தோடு, அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட படத்தை மட்டும் பகிர வேண்டும். அவர்களை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, எந்தத் தொட்டி தொல்லை தருகிறது என்று கேட்டால் மாணவர்களின் அட்டவணையில் இல்லாத செய்தி கிடைக்கும். அந்த நேரத்துக்கு அவர்களுக்கு ஊதியம் தர வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஒரே ஒரு மாற்றம்

மூன்றாம் வாரத்தில் ஒவ்வொரு வளாகமும் ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே ஒரு விதியைக் கறாராகக் கடைப்பிடியுங்கள்: எதிர்த்தரப்பு கேள்வி கேட்கலாம், எண்களைச் சுட்டிக்காட்டலாம், ஆனால் தீர்வு சொல்லக் கூடாது. முடிவு அந்த வளாகத்து மாணவர்களுடையது. அவர்கள் ஊர் இயந்திரத்தை இங்கே வைக்கச் சொல்வதும், நம் பன்றிப் பண்ணை ஏற்பாட்டை அங்கே வைக்கச் சொல்வதும் நேரத்தை வீணடிக்கும்.

தேர்ந்தெடுக்கும் மாற்றம் இரண்டு வாரத்துக்குள் செய்யக்கூடியதாகவும், தராசில் தெரியக்கூடியதாகவும் இருக்க வேண்டும். விழிப்புணர்வுச் சுவரொட்டி இந்த இரண்டிலும் தேறாது. விடுதியில் சாதம் பரிமாறும் கரண்டியைச் சிறிதாக்கி, வேண்டியவர் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று வைக்கலாம். அண்டாவில் மீதமாவதே பிரச்சினை என்றால், இரவு உணவுக்கு வராதவர்கள் பிற்பகல் நான்கு மணிக்குள் பெயர் தருவது என்று தொடங்கலாம். தேநீர்க் கடையில் எவர்சில்வர் டம்ளருக்குப் பத்து ரூபாய் முன்பணம் வாங்கித் திருப்பிக் கொடுக்கலாம். கழுவும் ஆளுக்கான கூலியை யார் தருவது என்பதை முதல் நாளே கடைக்காரரோடு பேசாவிட்டால் மூன்றாம் நாள் காகிதக் கோப்பை திரும்பி வந்துவிடும். ஜெர்மனியில் எடுத்துச்செல்லும் உணவை விற்கும் கடைகள், மிகச் சிறியவை நீங்கலாக, 2023 ஜனவரி முதல் திருப்பித் தரக்கூடிய பாத்திரத்தையும் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தும், பலர் அதைக் கேட்டு வாங்குவதில்லை. ஏன் என்று அந்த மாணவர்கள் கடை வாசலில் நின்று எண்ணிப் பார்ப்பது நமக்கும் பாடம்.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் செலவே இல்லாதது. தனியாக நிற்கும் தொட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஈரத்துக்கும் உலருக்குமான தொட்டிகளைச் சோடியாக மட்டும் வைப்பது. தொட்டியின் மேல் வாசகம் எழுதாமல், அந்த உணவுக்கூடத்திலேயே விற்கும் பிஸ்கட் உறை, காகிதக் கோப்பை, வாழைப்பழத் தோல் ஆகியவற்றின் படத்தை ஒட்டுவது. வகுப்பறை வாசலில் ஒற்றைத் தொட்டி இருக்கும்வரை யாரும் எதையும் பிரிக்கப்போவதில்லை.

மறுபடியும் எடை, பிறகு கடிதம்

மாற்றம் தொடங்கிய முதல் இரண்டு நாள்களின் எடையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். புதுமைக்காக எல்லோரும் ஒழுங்காக நடப்பார்கள். ஐந்தாம் வாரத்தில், முதலில் அளந்த அதே கிழமைகளில், அதே அரிதட்டோடு, அதே வாளிகளில் அளவெடுங்கள். எடை குறையவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். குறையாததற்கான காரணத்தை எதிர்த்தரப்பு மாணவர்கள் கேள்விகளால் துருவுவது கடைசிக் கூட்டத்துக்கு நல்ல பொருள், உறுதிமொழியைவிடப் பன்மடங்கு நல்லது.

முடிவுகளை யாருக்கு அனுப்புவது என்பதில் இரு நாடுகளும் வேறுபடுகின்றன. ஜெர்மனியில் மென்சாவை நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல. மாணவர் நலனுக்கென்றே உள்ள தனிப் பொது நிறுவனம். ஆகவே துணைவேந்தருக்கு நிகரானவருக்கு எழுதிப் பயனில்லை, அந்த நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும். நம் பக்கத்தில் உணவுக்கூட ஒப்பந்ததாரர், விடுதிக் காப்பாளர், முதல்வர் அல்லது செயலர் என்று மூன்று பேரும் ஒரே கடிதத்தைப் பார்த்தால்தான் வேலை நடக்கும். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மாற்றத்துக்கு முன் தலைக்கு எத்தனை கிராம், பின் எத்தனை கிராம், மாதத்துக்கு எத்தனை கிலோ அரிசிக்கு அது சமம், தொடர்ந்து நடத்த யார் என்ன செய்ய வேண்டும் என்பவை மட்டும் இருக்கட்டும். ஒப்பந்ததாரருக்குக் கிராம் புரியாவிட்டாலும் அரிசி மூட்டைக் கணக்கு புரியும். தராசையும் எடை எழுதிய வாளிகளையும் விடுதியிலேயே ஒரு பூட்டிய அலமாரியில் வைத்து, சாவியை அடுத்த ஆண்டு மூன்றாமாண்டுக்கு வரவிருக்கும் மாணவர் ஒருவரின் பெயரில் பதிவேட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.